விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு: ஒரு வழியில் கர்னல் பேனிக், இன்னொரு வழியில் வெறும் ஷெல். எங்கே கோளாறு?

வியாசர்பாடி ஆசிரியை – கேள்வி

வணக்கம். வடசென்னையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணினிப் பாடம் நடத்துகிறேன். பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் விண்டோஸோடு உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பற்றியும் பாடம் இருக்கிறது. பிள்ளைகள் அதைப் படத்தில் மட்டுமே பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுகிறார்கள். உபுண்டுவின் திரையில் எந்த ஓரத்தில் எந்தப் பட்டை இருக்கும் என்பதைக்கூட மனப்பாடம் செய்கிறார்கள். ஒருமுறையாவது அது ஓடுவதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும், தமிழ் இடைமுகத்தை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பள்ளிக் கணினிகளில் இருப்பதைக் கலைத்துவிட்டு வேறொன்றை நிறுவ எனக்கு அனுமதி கிடையாது. ஆகவே என் சொந்த மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள்) நிறுவி, அதற்குள் உபுண்டு 24.04 போட்டு, புரொஜெக்டரில் காட்டலாம் என்று இறங்கியிருக்கிறேன்.

மடிக்கணினியில் விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டியில் வேண்டிய அளவு காலியிடம். விர்ச்சுவல்பாக்ஸ் 7. மெய்நிகர் கணினிக்கு 1024 எம்பி ரேமும் 25 ஜிபி வட்டும் ஒதுக்கியிருக்கிறேன். உபுண்டுவை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் பென் டிரைவில் கொடுத்தார்.

இயக்கியதும் உபுண்டுவின் முதல் பட்டியல் ஒழுங்காக வருகிறது. "ட்ரை ஆர் இன்ஸ்டால் உபுண்டு" என்பதைத் தேர்ந்தெடுத்தால் திரை கறுத்து, சிறிது நேரத்தில் எழுத்துகள் மளமளவென்று ஓடி நின்றுவிடுகின்றன. கடைசி வரி: "கர்னல் பேனிக் - நாட் சிங்கிங்: விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக் (0,0)".

அமைப்புகளில் ஈஎஃப்ஐ என்றொரு பெட்டி இருக்கிறது, அதை டிக் செய்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். செய்தேன். இப்போது உபுண்டுவின் பட்டியலே வருவதில்லை. கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்தில் "ஷெல்>" என்று வந்து காத்திருக்கிறது. டிக்கை எடுத்தால் மீண்டும் பழைய பேனிக்.

ஒரே கோப்பு, ஒரே கணினி. இரண்டு விதமாக ஏன் நிற்கிறது? அடுத்த வாரம் இந்தப் பாடம் வருகிறது. அதற்குள் காட்டிவிட வேண்டும்.

குரோம்பேட்டை மாணவன்

டீச்சர், அந்த மெய்நிகர் கணினியை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்கிப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் பழைய உபுண்டு 20.04 போடுங்கள், அது இலகுவாக ஓடும். எங்கள் விடுதியில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம்.

தாம்பரம் ஆய்வகம்

தம்பி, உதவ வந்ததற்கு நன்றி. ஆனால் அழித்துவிட்டு மறுபடி உருவாக்குவதை நான் ஏற்கவில்லை. அழித்தால் திரையில் கிடைத்திருக்கும் தடயமும் சேர்ந்து போய்விடும். டீச்சர் கொடுத்திருக்கும் இரண்டு வரிகளிலேயே பாதி விடை இருக்கிறது.

நான் தாம்பரத்துக்கு அப்பால் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வக உதவியாளர். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மாணவர்கள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வருவது இதற்காகத்தான். வந்து நிற்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாகத் திரையில் என்ன எழுத்து வந்தது என்பதை மட்டும்தான். கடற்கரையிலிருந்து புறப்பட்ட மின்ரயில் நின்றுவிட்டால் எந்த நிலையத்தைத் தாண்டி நின்றது என்று கேட்போம் இல்லையா, அதுபோல. மெய்நிகர் கணினியும் வரிசையாகப் பல கட்டங்களைத் தாண்டித்தான் எழுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிச் செய்தி உண்டு.

முதலில் உங்கள் கணினியின் செயலி இடம் கொடுக்க வேண்டும். இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் ஏஎம்டி-வி. அது அணைந்திருந்தால் "வெர்" என்று தொடங்கும் நீண்ட பிழைக் குறியோடு ஒரு பெட்டி வரும், மெய்நிகர் கணினி புறப்படவே புறப்படாது. உங்களுக்குப் பட்டியல் வரை வந்துவிட்டதால் அந்தக் கவலை இல்லை. அடுத்து, மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் ஃபர்ம்வேர், அதாவது கணினியை முதலில் எழுப்பும் மென்பொருள், எதிலிருந்து பூட் செய்வது என்று தேடும். பழைய பயாஸ் முறையில் ஒன்றும் அகப்படவில்லை என்றால் "நோ பூட்டபிள் மீடியம் ஃபவுண்ட்" என்று சொல்லும். புதிய ஈஎஃப்ஐ முறையில் அகப்படவில்லை என்றால் அந்த மஞ்சள் ஷெல்லில் கொண்டுபோய் விடும். இரண்டும் சொல்வது ஒரே சங்கதிதான். அதன் பிறகு கிரப் என்னும் பட்டியல், பிறகு இயங்குதளத்தின் மையமான கர்னல், பிறகு இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறிய தற்காலிகக் கோப்பமைப்பு, அதற்கும் பிறகுதான் உபுண்டுவின் மேசைத்திரை.

உங்கள் கர்னல் பேனிக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். கர்னல் ஏறிவிட்டது. அது அடுத்ததாக இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை நினைவகத்தில் விரித்துக்கொள்ள வேண்டும். சுருக்கி வைத்த கோப்பு அது. விரித்தால் பல மடங்காகும். இதற்கென்று கர்னல் பொதுவாக ரேமில் பாதி வரைதான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் கொடுத்ததே 1024 என்றால் அதற்குக் கிடைப்பது 512. விரிக்க இடம் போதாமல் நடுவில் நின்றுபோனால், மூலக் கோப்பமைப்பு எங்கே என்று தெரியாமல் கர்னல் கைவிரித்துவிடும். அந்த (0,0) என்பதன் பொருள் அதுதான்: எந்தச் சாதனமும் அதன் கையில் இல்லை.

இதை நீங்களே கண்ணால் பார்த்துவிடலாம். உபுண்டுவின் முதல் பட்டியலில் "ட்ரை ஆர் இன்ஸ்டால்" மீது நின்றுகொண்டு எண்டரைத் தட்டாமல் 'இ' விசையைத் தட்டுங்கள். சில வரிகள் திறக்கும். "லினக்ஸ்" என்று தொடங்கும் வரியின் கடைசியில் மூன்று சிறு கோடுகளும் அவற்றுக்குப் பின்னால் "க்வைட் ஸ்ப்ளாஷ்" என்ற இரண்டு சொற்களும் இருக்கும். அந்த இரண்டு சொற்களை மட்டும் அழித்துவிட்டு எஃப்10 தட்டுங்கள். அவைதான் கர்னலின் வாயை மூடி வைத்திருப்பவை. இப்போது ஒவ்வொரு வரியும் வெளியே வரும். பேனிக்குக்குச் சற்று மேலே "இனிட்ராம்எஃப்எஸ் அன்பேக்கிங் ஃபெயில்ட்" என்று ஒரு வரி தென்பட்டால் என் கணிப்பு உறுதி. இப்படி மாற்றியது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், எதையும் கெடுக்காது.

மருந்து எளிது. உபுண்டு 24.04 மேசைத்திரைப் பதிப்புக்கு அதை வெளியிடுகிறவர்களே பரிந்துரைப்பது 4 ஜிபி ரேம், 25 ஜிபி வட்டு. மெய்நிகர் கணினியை நிறுத்திவிட்டு ரேமை 4096 ஆக்குங்கள். 8 ஜிபி மடிக்கணினியில் இது இறுக்கமாகத்தான் இருக்கும். உலாவியை மூடிவிட்டு ஓட்டுங்கள். செயலி இரண்டு கொடுங்கள், ஒன்று போதாது.

அந்த ஷெல்தான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. ஈஎஃப்ஐ டிக் செய்தாலும் நல்ல உபுண்டு ஐஎஸ்ஓ அதே பட்டியலைக் காட்டியே தீர வேண்டும். இரண்டு முறையிலும் பூட் ஆகும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். பயாஸ் முறையில் பட்டியல் வருகிறது, ஈஎஃப்ஐ முறையில் வரவில்லை என்றால் கோப்பின் ஒரு பகுதி நலமாகவும் இன்னொரு பகுதி கெட்டும் இருக்கிறது என்று சந்தேகிக்கிறேன். உபுண்டுவின் இப்போதைய ஐஎஸ்ஓக்களில் ஈஎஃப்ஐ பூட்டுக்கு வேண்டிய சிறிய பகுதியைக் கோப்பின் கடைக்கோடியில் ஒட்டியிருப்பார்கள். வால் அறுந்த கோப்பு பயாஸ் முறையில் தலைகாட்டும், ஈஎஃப்ஐ முறையில் காட்டாது.

எனவே டீச்சர், ரேமை ஏற்றுங்கள். அதோடு கோப்பையும் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து கெட்-ஃபைல்ஹாஷ் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஐஎஸ்ஓ கோப்பை இழுத்து அந்தச் சாளரத்தில் போட்டு எண்டர் தட்டினால் ஹாஷ் எனப்படும் 64 எழுத்துகள் கொண்ட ஒரு நீண்ட குறி வரும். உபுண்டுவின் பதிவிறக்கப் பக்கத்தில் எஸ்எச்ஏ256சம்ஸ் என்ற சிறிய கோப்பில் சரியான குறி இருக்கும். முதல் சில எழுத்துகளையும் கடைசிச் சில எழுத்துகளையும் ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

வியாசர்பாடி ஆசிரியை

சார், மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி 'இ' தட்டி அந்தச் சொற்களை எடுத்துப் பார்த்தேன். "அன்பேக்கிங் ஃபெயில்ட்: ரைட் எரர்" என்ற வரி அப்படியே இருந்தது. ரேமை 4096 ஆக்கியதும் பேனிக் போய்விட்டது.

ஆனால் மேசைத்திரை இன்னும் வரவில்லை. இப்போது "ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்: அனேபிள் டு ரீட்" என்று ஒரே வரி மீண்டும் மீண்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஹாஷ் குறியும் பொருந்தவில்லை. முதல் எழுத்திலேயே வேறுபடுகிறது. எனக்குப் புரியாதது ஒன்றுதான். கோப்பின் அளவு இணையத்தில் போட்டிருக்கும் அளவோடு சரியாக இருக்கிறதே? வால் அறுந்திருந்தால் அளவு குறைய வேண்டாமா?

தாம்பரம் ஆய்வகம்

நல்ல கேள்வி, டீச்சர். அளவைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். பெரிய கோப்பைப் பென் டிரைவுக்கு நகலெடுக்கும்போது விண்டோஸ் முழு அளவுக்கான இடத்தை முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டு, அதன் பிறகு உள்ளடக்கத்தை எழுதிக்கொண்டு போகும். எழுதி முடிப்பதற்குள் பென் டிரைவை உருவிவிட்டால் அளவு முழுதாகத் தெரியும், உள்ளே கடைசிப் பகுதி வெறுமையாகவோ குப்பையாகவோ இருக்கும். கோப்பு எப்படிக் கெட்டது என்று இங்கிருந்து என்னால் அறுதியிட முடியாது. ஆனால் ஹாஷ் பொருந்தவில்லை என்றால் அந்தக் கோப்பைப் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஸ்குவாஷ்எஃப்எஸ் பிழையும் அதைத்தான் சொல்கிறது. உபுண்டுவின் முழு உடம்பும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்னும் சுருக்கிய கோப்புகளாக ஐஎஸ்ஓவுக்குள் இருக்கிறது. அதைப் படிக்கும்போது ஓரிடத்தில் எழுத்து கெட்டிருந்தால் இந்த வரி வரும். ரேமையோ ஈஎஃப்ஐயையோ எத்தனை முறை மாற்றினாலும் இது போகாது.

புதிதாக இறக்கும்போது டோரன்ட் வழியாக இறக்குங்கள். உபுண்டு தளத்திலேயே அதிகாரபூர்வமான டோரன்ட் கொடுக்கிறார்கள். சுமார் 6 ஜிபி இறங்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனாலும் இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒவ்வொரு துண்டும் சரியாக வந்ததா என்று அதுவே சோதித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் இணைப்பு படும் பாட்டுக்கு இதுதான் நம்பகமான வழி.

பெருங்குடி நிர்வாகி

தாம்பரம் நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். விண்டோஸ் 11இல் மெய்நிகர் கணினியின் சாளரத்தின் கீழே வலது மூலையில் பச்சை ஆமைப் படம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் செயலியை நேரடியாகப் பயன்படுத்தாமல், விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க அடுக்கான ஹைப்பர்-வி மீது ஏறி ஓடுகிறது என்று பொருள். பூட் ஆகும், ஆனால் நகரும் வேகம் பொறுமையைச் சோதிக்கும். பலர் அதைப் பூட் ஆகவில்லை என்றே நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். விண்டோஸ் பாதுகாப்பு அமைப்பில் கோர் ஐசொலேஷன் என்ற பகுதியில் மெமரி இன்டெக்ரிட்டி இயங்கிக்கொண்டிருப்பது இதற்கு ஒரு காரணம். லினக்ஸுக்கான துணை அமைப்பான டபிள்யூஎஸ்எல் 2 இருந்தாலும் இப்படி ஆகும். இரண்டையும் அணைத்துவிட்டு மறுதொடக்கம் செய்தால் ஆமை போய்விடக்கூடும்.

தாம்பரம் ஆய்வகம்

பெருங்குடி நண்பர் சொல்வது சரி. ஆனாலும் டீச்சருக்கு நான் வேறு யோசனை சொல்வேன். மெமரி இன்டெக்ரிட்டி ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலும் பள்ளிக் கடிதங்களும் இருக்கும் மடிக்கணினியில், வேகத்துக்காக அதை அணைக்க வேண்டாம். ஆமை இருந்தாலும் பாடம் காட்டும் அளவுக்கு உபுண்டு ஓடும். அமைப்புகளில் திரைப் பகுதிக்குப் போய் வீடியோ நினைவகத்தை 128 எம்பி ஆக்குங்கள், கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ என்று இருக்கட்டும். அதுவே நல்ல வித்தியாசம் காட்டும்.

நிறுவும்போது இன்னொன்று. விர்ச்சுவல்பாக்ஸ் 7இல் ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்த உடனே அது தானாகவே நிறுவ முற்படும். "ஸ்கிப் அன்அட்டெண்டெட் இன்ஸ்டாலேஷன்" என்ற பெட்டியை மறக்காமல் டிக் செய்துவிடுங்கள். அப்போதுதான் மொழி, விசைப்பலகை, பயனர் பெயர் எல்லாவற்றையும் நீங்களே கேட்டுக் கேட்டுத் தேர்ந்தெடுக்க முடியும். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியதே அந்தத் திரைகளைத்தான்.

ஈஎஃப்ஐ பெட்டியைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. டிக் செய்வதானால் நிறுவுவதற்கு முன்பே செய்யுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம். இரண்டில் எதுவும் தவறில்லை. நிறுவிய பிறகு மட்டும் அதைத் தொடாதீர்கள். பயாஸ் முறையில் நிறுவிய வட்டில் ஈஎஃப்ஐ தேடும் பகுதி இருக்காது. டிக் செய்தால் மீண்டும் அதே ஷெல்தான். மாணவர்கள் கொண்டுவரும் கணினிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. வட்டில் எல்லாம் பத்திரமாக இருக்கும், ஒரு டிக் மாறியிருக்கும், அதற்காக எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவியிருப்பார்கள். மனசு கேட்பதில்லை.

குரோம்பேட்டை மாணவன்

சார், இடையில் ஒரு சந்தேகம். என் அறை நண்பன் எம்2 சிப் உள்ள மேக்புக் வைத்திருக்கிறான். அவனுக்கும் உபுண்டுவை இயக்கினால் இதே ஷெல் வருகிறது. அவன் கோப்பின் ஹாஷ் சரியாக இருக்கிறது.

தாம்பரம் ஆய்வகம்

தம்பி, அவனுடைய செயலி ஏஆர்எம் வகை. வழக்கமாக எல்லாரும் இறக்கும் ஐஎஸ்ஓ இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்கானது, கோப்பின் பெயரில் ஏஎம்டி64 என்று இருக்கும். கோப்பு பழுதில்லை, ஆனால் ஏஆர்எம் ஃபர்ம்வேருக்கு அதில் இயக்கக்கூடியது எதுவும் அகப்படாது. பெயரில் ஏஆர்எம்64 என்று இருக்கும் ஐஎஸ்ஓவை இறக்கச் சொல்.

வியாசர்பாடி ஆசிரியை

டோரன்டில் இறக்கினேன், ஹாஷ் எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. ஈஎஃப்ஐ டிக் செய்து பார்த்தபோது பட்டியல் உடனே வந்துவிட்டது, ஷெல் வரவில்லை. அப்படியே நிறுவியும் முடித்துவிட்டேன். ஆமைப் படம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். தமிழ் மொழியைச் சேர்த்து, தமிழ்99 விசைப்பலகையும் போட்டுவிட்டேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலர் மதிய இடைவேளையில் வந்து பார்த்தார்கள். அமைப்புகள், கோப்புகள், குப்பைத்தொட்டி என்று தமிழில் இருப்பதை ஒரு பெண் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனாள்.

இப்போது தலைமையாசிரியர் ஆய்வகத்தில் இருக்கும் கணினிகளிலும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து நிறுவ வேண்டுமா? ஒரு கணினியில் பார்த்தேன், புதிய மெய்நிகர் கணினி உருவாக்கும்போது 64-பிட் என்ற தேர்வே பட்டியலில் இல்லை.

தாம்பரம் ஆய்வகம்

டீச்சர், படிக்கவே நிறைவாக இருக்கிறது.

எல்லாவற்றிலும் நிறுவத் தேவையில்லை. உங்கள் மெய்நிகர் கணினியை முழுமையாக நிறுத்திவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸின் ஃபைல் பட்டியலில் எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ் கொடுங்கள். ஓவிஏ என்ற ஒரே கோப்பாக வரும். மற்றக் கணினிகளில் அதை இம்போர்ட் செய்தால் போதும், ஈஎஃப்ஐ அமைப்பும் கூடவே வந்துவிடும். அந்தக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டும் என்பதால் ஃபேட்32 வடிவத்தில் இருக்கும் பென் டிரைவ் அதை ஏற்காது. எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், நகலெடுத்த பிறகு எஜெக்ட் கொடுத்தே உருவுங்கள். ஒவ்வொரு கணினியிலும் ஹாஷ் பார்த்துவிடுங்கள்.

64-பிட் தெரியாத கணினியில் செயலியின் மெய்நிகராக்க வசதி அணைந்திருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைத் தட்டினால் "விர்ச்சுவலைசேஷன்" என்ற இடத்தில் டிசேபிள்ட் என்று இருக்கும். கணினி எழும்போது எஃப்2, எஃப்10 அல்லது டெலீட் விசையைத் தட்டி ஃபர்ம்வேர் அமைப்புக்குள் போய் விடி-எக்ஸை இயக்க வேண்டும். அதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தக் கணினியின் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா? பூட்டப்பட்டிருந்தால் மீட்புக் குறியைக் கையில் எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் ஃபர்ம்வேரைத் தொட வேண்டும். ஃபர்ம்வேர் மாற்றத்தைப் பார்த்ததும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். பள்ளிக் கணினி என்பதால் பராமரிக்கிறவர்களையும் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஆய்வகக் கணினிகளில் ரேம் 4 ஜிபிதான் என்றால் இதே உபுண்டுவை அவற்றில் ஏற்ற வேண்டாம், அதற்கு ஒதுக்க ரேம் போதாது. அவற்றுக்கு உபுண்டுவின் இலகுவான வகையான லுபுண்டு போடுங்கள். ரேம் எவ்வளவு என்று எழுதுங்கள், எத்தனை எம்பி ஒதுக்கலாம் என்று சொல்கிறேன்.